ரிலீவர் வராத மனிதர்

உலக அதிகாரத்தை எதிர்த்துத் தனியொருவராகப் போராடும் வீரர் ஒருவர் உங்கள் தெருவிலும் கட்டாயம் இருப்பார். அந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் நெய்வேலியை ஒட்டிய வடக்குத்துக்கு வாருங்கள். சுரங்கத்தில் முப்பத்தெட்டு வருஷம் ஷிப்ட் பார்த்து, கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே சொந்த வீடு கட்டிக்கொண்ட கொளஞ்சிநாதன், டீக்கடையில் முழங்கிக்கொண்டிருப்பார்.

"ஜெனீவாவுல உலக சுகாதார நிறுவனம்னு ஒருத்தன் குந்திகினு அவசரநிலைன்னு சொன்னா, நம்ம வூட்டுக் கதவ நாம சாத்திக்கணுமாம்! இவனுக்கு யாருங்க ஓட்டுப் போட்டது? அவசரம்னு ஒருதரம் கையில எடுத்துகினான்னா திருப்பித் தருவானா?"

நியாயமான கேள்விதான். கேட்பவரின் இடுப்பு பெல்ட்டில்தான் தெருப் பொதுத் தண்ணீர் மோட்டாரின் சாவி தொங்குகிறது. கொரோனா ஊரடங்கில், குழாயடியில் கூட்டம் சேரக் கூடாதென்று தற்காலிகமாக அவரிடம் கொடுத்த சாவி. கொரோனா போனது, புயல் எச்சரிக்கை வந்தது. புயல் கரை கடந்தது, வெயில் வந்தது. அவசரநிலைக்கா பஞ்சம்? காலை ஆறு முதல் ஆறரை வரை தண்ணீர், வாசலில் பைக் கழுவினால் ஒருநாள் தடை, மேல்முறையீடும் அவரிடமே. சாவியைக் கேட்டால், அடுத்த ஷிப்ட் ஆள் வந்து மாற்றிவிடும் சுரங்க வழக்கம் பேசுவார்: "ரிலீவர் வராம ஷிப்ட்ட வுட்டுட்டுப் போவ முடியுங்களா?" இதுவரை வந்த ரிலீவர்கள் நான்கு பேர். ஒருவருக்கும் அனுபவம் போதவில்லையாம்.

மகள் டெய்சிக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்த அதே தெரு மரியசெல்வி, விசேஷத்தன்று காலை பத்து மணிக்கு டீக்கடைக்கே வந்து நின்றாள். இருநூறு பேருக்குச் சமையல். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அண்ணா, நான் ரிலீவர் வந்திருக்கேன். சாவியக் குடுங்க."

முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், கை தானாக இடுப்புக்குப் போய்விட்டது. நல்லவேளை, சுதாரித்துக்கொண்டார். "வெயில் எச்சரிக்கை போட்டிருக்கான் தங்கச்சி. பொதுநலத்தப் பாக்கணும்ல?"

"ஜெனீவாக்காரன் புடிக்கலன்னா ஒரு நாடு வெளிய வந்துடலாம்னு டிவியில சொன்னாங்க. உங்ககிட்டேர்ந்து நாங்க எங்கண்ணா வெளிய போறது?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். மரியசெல்விக்கு அழுகைதான் வந்தது. லாரித் தண்ணீர் வந்து, அடுப்பு மூட்டி, மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மணி நாலாகிவிட்டது. முதல் பந்தியிலேயே உட்கார்ந்த கொளஞ்சிநாதன், இரண்டாம் முறை பிரியாணி வாங்கிக்கொண்டு, சம்பந்திகளுக்கு நாட்டின் இறையாண்மையை விளக்கினார்.

சிரிக்கிறீர்களா? காய்ச்சலில் படுத்த மனைவியிடம், "நீ ஓய்வெடு, நான் பார்த்துக்கறேன்" என்று ஏடிஎம் கார்டை வாங்கி வைத்தீர்களே, அவர் குணமாகி எத்தனை மாதம் ஆகிறது?