பந்தயத்துக்கு இறுக்கம், மாமாவுக்கு இளக்கம்

"அலியாரண்ணே, என்னத்த மாட்டி விட்டீக? மண்டபத்துலருந்து வாரதுக்குள்ள குடலு வாய்க்கு வந்துருச்சு!"

ராமநாதபுரத்துப் பட்டறை வாசலில் ராக்கப்பன் இடுப்பைப் பிடித்தபடி இறங்கினான். இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்தச் சிவப்புக் காரில்தான் அவன் மாதக் கடைசியில் சோழவரம் பந்தயத்தில் ஓடப்போகிறான். வளைவில் வண்டி சாயாமலிருக்க, சக்கரத்து மேலிருக்கும் ஸ்பிரிங் வில்லுக்கு ஒரு இரும்புப் பட்டை கூடுதலாகப் போட்டுக் கொடுத்தவர் மெக்கானிக் அலியார்.

ராமேஸ்வரத்தில் பூசை போடாமல் பந்தயமா? அந்த நாளில் பாம்பன் பாலத்தில் ரயில் மட்டும்தான் போகும். ஆகவே காரை மண்டபம் ஸ்டேஷனில் சரக்கு ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய், மாலையும் கழுத்துமாகத் திரும்பக் கொண்டுவந்து, அங்கேயே இறக்கி ஓட்டி வந்திருந்தான்.

"போம்போது நல்லாத்தான தம்பி இருந்துச்சு?"

"அதான் எனக்கும் வெளங்கல. நாளைக்கு மலையாண்டி மாமா வாராரு. வண்டியில உக்காந்து பாத்துட்டுத்தான் நாகலெட்சுமிய எனக்குக் குடுக்கதப் பத்திப் பேசுவாராம்!"

அலியார் கூடுதல் பட்டையைக் கழற்றினார். ராக்கப்பன் அரண்மனை வரை ஓட்டிப் பார்த்தான். பல்லோடு பல் மோதியது. இன்னொரு பட்டையைக் கழற்றினார். நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினான். சாயங்காலத்துக்குள் வில்லுக்கு ஒற்றைப் பட்டைதான் மிச்சம். வண்டியோ ஆட்டுக்கல்லாகவே இருந்தது. டயரில் காற்றைக் குறைத்தார்கள். இப்போது அது குலுங்கியபடியே சாக்கடைப் பக்கமும் இழுத்தது.

"அடியில நல்லாப் பாத்தீகளாண்ணே?"

"பாக்காமயா? உங்க கோயில் காப்புக் கயிறு மட்டும் அச்சுல தடிமனாச் சுத்தி, பூவோட கட்டிக் கெடக்கு. அடுத்தவுக சாமி விசயம், நான் கை வைப்பேனா? மத்ததெல்லாம் கழட்டியாச்சு."

குருக்கள் அடிவரைக்கும் கவனித்திருக்கிறாரே என்று ராக்கப்பனுக்கு மனம் குளிர்ந்தது.

"தொட்டுறாதீக! இனி அந்தச் சாமிதான் காப்பாத்தணும்."

மறுநாள் பட்டறைக்கே வந்து மாமா வண்டியில் ஏறினார். தெருமுனைக் கல்லில் அவர் தலைப்பாகை பறந்தது. அடுத்த பள்ளத்தில் மூக்குக் கண்ணாடி போனது. பட்டறைக்குத் திரும்பியபோது இறங்கக்கூடத் தெம்பில்லாமல் இருக்கையிலேயே கிடந்தார்.

"இது காராடா? எம் மக இடுப்பு என்னத்துக்கு ஆகும்? கல்யாணப் பேச்ச இத்தோட விட்டுருவோம்!"

ராக்கப்பனுக்குத் தலையில் இடி விழுந்தது. பந்தயம் போனால் போகட்டும், நாகலெட்சுமியுமா?

அப்போதுதான் மண்டபம் ஸ்டேஷன் போர்ட்டர் கூத்தையா பஸ்ஸை விட்டிறங்கி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"நல்லவேளை, ஆம்புட்டீக! இதக் காணமின்னு அங்கன மாஸ்டர் என்னைய உரிச்செடுக்காரு!"

சொன்னவன் தரையில் படுத்து, காருக்கடியில் கையை விட்டான்.

"ஏலே, சாமி கயிறுலே!" ராக்கப்பன் அலறினான். அலியார் அவனைவிடப் பெரிதாக அலறினார்.

அதற்குள் முடிச்சு அவிழ்ந்தது. ஒற்றைப் பட்டை தாங்காமல் கார் மாமாவோடு பொத்தென்று தரைக்கு இறங்கியது. புழுதிக்குள்ளிருந்து "அய்யோ" என்று மட்டும் கேட்டது.

கூத்தையா கயிற்றில் ஒட்டியிருந்த பூவை உதறினான்.

"சாமியா? ரயில்ல வண்டி துள்ளக் கூடாதுன்னு ராமேஸ்வரத்துல அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவுல திணிச்சு இறுக்குன கயிறுங்க இது, மண்டபத்துல எறக்கும்போது நான் அவுக்க மறந்துட்டேன்!"