தோற்காத குஸ்திக்காரன்

என் குஸ்தி வாழ்க்கையில் நான் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. கிடைக்க இருந்த வேலை போனதே அதனால்தான்.

செஞ்சியில் பொருட்காட்சித் திடலில் டிக்கெட் போட்டு நடத்திய குஸ்தி அது. யார் ஜெயிப்பது என்பதை முன்னாடியே பேசி வைத்துவிடுவார்கள். என்னோடு மோதுபவர் இரும்புத்தலை குமார் (கழுத்து என்ற உறுப்பே அவருக்குக் கிடையாது). மூன்றாவது முறை அவர் கையை வீசியதும் நான் விழ வேண்டும். ஒழுங்காக விழுந்தால் குழுவில் சேர்த்து ஊர் ஊராகக் கூட்டிப்போவதாக, குழுவை நடத்தும் மாஸ்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஊர் மேல்சித்தாமூரில் அம்மாவிடம் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று புளுகிவிட்டு வந்திருந்தேன்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. விளக்கைப் போட்டதும் ஈசல் கிளம்பிவிட்டது. இரண்டு வீச்சு முடிவதற்குள் மேடை முழுக்க ஊர்ந்தது. நாங்கள் சமணர்கள். எறும்பு வரிசையைக்கூடச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லி வளர்த்த வீடு. பாடுபட்டு ஏற்றிய இந்த உடம்பை அதுங்கள் மேல் எப்படிப் போடுவது?

மூன்றாவது வீச்சு வந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

குமார் காதோரம் பல்லைக் கடித்தார். "டேய், வுழுடா."

"அண்ணே, கீழ ஈசல் இருக்குதுண்ணே."

"இன்னாது?"

அடுத்து விழுந்தது நிஜ அடி. உயிர்ப்பயம் என்றால் இன்னதென்று அன்றுதான் தெரிந்தது. விழுந்தால் பாவம், நின்றால் சாவு. ஓடினேன், அதுவும் நுனிக்காலில், இடம் பார்த்துப் பார்த்து. ஜனங்கள் அதைப் புது வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள். துரத்தி வந்த குமார் ஈசலில் வழுக்கி மல்லாந்தார். அசையவில்லை.

ஐயோ, ஆள் போய்விட்டார், இனி ஜெயில்தான் என்று நினைத்தேன். உயிர் இருக்கிறதா என்று குனிந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். ரெஃபரிக்கு அது போதாதா? நான் அமுக்கிப் பிடித்ததாக எடுத்துக்கொண்டு, மூன்று எண்ணி என் கையைத் தூக்கிவிட்டார். (குமாருக்கு ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்ததும் மறுபடி துரத்தினார்.)

மாஸ்டர் அங்கேயே என்னைக் கழித்துக்கட்டினார். நான் வீடு சேர்வதற்குள் அம்மாவின் செல்போனுக்கு அந்த வீடியோ சேர்ந்துவிட்டது. அம்மா என் வீங்கிய கன்னத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தாளு வுழுந்தாரே, அடியில எத்தினி இருந்துச்சி?" என்றுதான் கேட்டார்.

ஜெயித்த பாவத்துக்குப் பரிகாரமாக மறுநாள் முழுக்கப் பட்டினி.

இப்போதும் மழை விட்டு ஈசல் வந்தால் என் மகள் ஓடிப்போய் லைட்டை அணைப்பாள். அப்புறம் இருட்டில் அவள் குரல் வரும்: "நைனா, அப்டியே நில்லு. ஜெயிச்சிடப் போற."