வாரேன் என்று யாரும் சொல்லாத வீடு

வில்லாபுரம், மதுரை.
2.8.1999

அன்புத் தம்பி ஸ்ரீனிவாசுக்கு அண்ணன் பத்ரிநாத் எழுதிக்கொள்வது. உன் அண்ணி சூடாமணி நலம் என்று நான் சொல்கிறேன். நான் நலம் என்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. சேலத்தில் நீங்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்க மீனாட்சி அருள்புரியட்டும்.

உன் வீட்டு மாடி அறையை ஒழித்து வை. ஆவணி பிறந்ததும் மதுரையைக் காலி செய்துவிட்டு அங்கேயே வந்துவிடுகிறோம். கை நடுங்க ஆரம்பித்த பிறகு ஊசி போடுவது அக்கிரமம் என்று சித்திரையில் நானே கிளினிக்கை மூடினேன் அல்லவா? அதிலிருந்து மத்தியானம் கண்ணை மூடினால் ஒரே கனவு. நடு வைகை மணலில் என் பழைய பெஞ்சு, அதில் வரிசையாக ஆட்கள் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், காற்று சிலுசிலுவென்று வருகிறது, நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தால் அது சூடாமணி காயப்போட்ட துண்டு, உடனே எல்லோரும் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுகிறார்கள். நிஜத்திலும் அப்படித்தானே? டாக்டரிடம் 'வாரேன்' என்று சொன்னால் வியாதியோடு திரும்ப வரவேண்டியிருக்கும் என்று பயந்து, நம்மூரில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நழுவுவார்கள். இத்தனை வருஷம் அது எனக்கு உறைக்கவில்லை. இப்போது பேப்பர் இரவல் வாங்க வருகிறவர்கூட அப்படியே போகிறார். இந்த வீட்டுக்கு இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, தம்பி.

போன வாரம் சூடாமணி, "சும்மா மோட்டுவளையப் பார்க்காம, காளவாசல்ல இந்த மிக்சி ஜாரை ரிப்பேருக்குக் குடுத்துட்டு வாங்க" என்று விரட்டினாள். பஸ்ஸில் நல்ல காற்று, கண் சொக்குகிறது, கம்பியைப் பிடித்திருந்த என் விரல்கள் தாமாகவே பக்கத்து ஆளின் மணிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டன. ஆஹா, நாடி! மாதக்கணக்கான பசி. எண்ணத் தொடங்கினேன். துடிக்கிறது, துடிக்கிறது, ஒன்று தப்புகிறது. "யோவ், வாட்ச்சையா கழட்டுற?" என்று அவர் கத்த, "கொஞ்சம் பேசாம இருங்க, எண்ணிக்கை விட்டுப்போகுது" என்று நான் சொல்ல, கண்டக்டர் விசிலடித்து, "பெரிய மனுசன் மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலைண்ணே இது?" என்று காளவாசலில் இறக்கிவிட்டார். அந்த ஆளும் விடாமல் கூடவே இறங்கினார். நான் டாக்டர் என்று என் வீட்டு விலாசத்தையும் சொல்லி, "நாடி தப்பித் தப்பித் துடிக்குது, நாளைக்கே இருதய டாக்டரைப் பாருங்க" என்றேன். "இந்த மொக்கையனுக்கே வியாதி சொல்றியாக்கும்!" என்று வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். மிக்சி ஜார் பஸ்ஸோடு போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலம் சூடாமணி நம் சௌராஷ்டிர பாஷையில் சொன்னதைத் தமிழில் எழுத முடியாது. இனி இந்த ஊரில் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் நடமாட வேண்டும். ஆகவே வந்துவிடுகிறோம்.

உன் மகள் இந்துப்ரியா நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, பரீட்சையிலும் தேற என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பத்ரிநாத்

பி.கு.: உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை தேடும்போது கேட்டில் சத்தம். அந்த வாட்ச்சுக்கார மொக்கையன்! தல்லாகுளத்தில் ஒரு இருதய டாக்டரைப் பார்த்தாராம். நல்ல வேளையாக இப்போதே வந்தீர்கள் என்று மாத்திரை கொடுத்தாராம். "அந்த டாக்டர் தம்பி படபடன்னு சொன்னது ஒண்ணும் வெளங்கலைங்க. கையப் பிடிச்சவரு நீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். கரண்டு விட்டு விட்டு வந்தால் கிணற்று மோட்டார் திணறுவதைச் சொன்னேன். "இப்படிச் சொன்னா தெரியுதுல்ல!" என்றார். கிணற்றில் இறங்கலாமா, கோழி சாப்பிடலாமா, மகள் தமிழ்ச்செல்வி கல்யாணத்தைப் பார்த்துவிடுவேனா, அங்கே கேட்கப் பயந்ததை எல்லாம் என்னிடம் கேட்டார். நடுங்கும் கையால் காபி ஊற்றினேன், பாதி சிந்தியது, அதை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப வாரேங்க" என்றார்.

"ஐயையோ, டாக்டர் வீட்ல அப்படிச் சொல்லக்கூடாதுண்ணே!" என்று சூடாமணி பதறினாள்.

"அதான் கடையச் சாத்திட்டாருல்லம்மா? இனி மனுசர் வீடுதானே. ஞாயித்துக்கெழம மச்சினனையும் கூட்டிக்கிட்டு வாரேன். அவனுக்கும் டாக்டரு சொன்னது வெளங்கலையாம்."

மாடி அறையை வாடகைக்கு விட்டுவிடு, தம்பி. அவர் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வரும்போது நான் வீட்டில் இருக்க வேண்டும்.