பெச்சு மாமாவின் குடை

மட்டாஞ்சேரியில் வெறுங்கையோடு திரும்பி வராத மனுஷர் ஒருவர்தான் இருந்தார். அவர் பெச்சு மாமா. சொந்தப் பெயர் என்னவென்று எங்கள் லைன் வீடுகளில் யாருக்கும் தெரியாது.

ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அவர் பியூன். வேலைக்குச் சேர்ந்த அன்று துரை அவரை நிற்கவைத்து இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு வித்தியாசம் சொன்னாராம். ‘பிரிங்’ என்றால் வரும்போது கொண்டு வா. ‘ஃபெட்ச்’ என்றால் இங்கிருந்து புறப்பட்டுப் போ, எடு, திரும்பி வா. துரை ஒரு தடவை சொன்னதை மாமா ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் நாக்கில் அது பெச்சாகி, அதுவே அவர் பெயரும் ஆயிற்று. நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஆங்கிலம் இன்றும் அந்த இரண்டு சொல்தான்.

யார் என்ன வேலை சொன்னாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: “பிரிங்கா, பெச்சா?” பிரிங் என்றால், ஞாபகம் இருந்தால் கொண்டு வருவார். பெச்சு என்றால், கேட்டது கைக்கு வராமல் ஆள் திரும்ப மாட்டார்.

ஒரு சனிக்கிழமை ஹெட் கிளார்க் வில்லிங்டன் தீவு ஆபீஸிலிருந்து ஒரு காகிதத்தைப் பெச்சு பண்ணச் சொன்னார். மாமா படகில் போய் இறங்கும்போது ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை காகிதத்தோடு வந்து நின்றார்.

“ரெண்டு நாளா எவிடய்யா போயிருந்தே?”

“அங்கேதான் சாரே, அந்த ஆபீஸ் வராந்தாவிலே. பிரிங்னு சொல்லியிருந்தா சனிக்கிழமையே வந்திருப்பேன்.”

இன்னொரு நாள் துரைக்கு முடிவெட்ட நாவிதரை அழைக்கப் போனார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்துவிட்டார். பின்னாலேயே, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு மரக்கடைக்காரர் ஓடிவந்தார். மீதிப் பாதியைத் துரையின் வாசலில் வைத்துத்தான் மழித்தார்கள்.

லைன் வீடுகளில் எல்லாரும் சிரித்தோம். அடுத்த வருஷம் என்னைத் திருப்பூணித்துறையில் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

அந்த வீட்டைப் பற்றி அதிகம் எழுத மனசில்லை. முதல் பிள்ளை தங்கவில்லை. காய்ச்சலில் பின்கட்டில் கிடந்தேன். வைத்தியரும் வரவில்லை, கடிதம் எழுதவும் விடவில்லை. கறிகாய் விற்கிறவள் ஒருத்தி மூலமாகத்தான் அப்பாவுக்குச் சேதி போனது. அப்பா பயந்த மனுஷர். எனக்குக் கீழே இன்னும் இரண்டு பெண்கள். வாழப்போன பெண்ணைத் திருப்பி அழைத்தால் அவர்களை யார் கேட்டு வருவார்கள்? மாமாவிடம் போய், “அண்ணே, ஒரு எட்டு பாத்துட்டு வாங்க” என்றாராம்.

“பிரிங்கா, பெச்சா?”

அப்பா தரையைப் பார்த்தார். வேற்று ஆண்கள் முன்னால் வாயே திறக்காத என் அம்மா, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள்: “பெச்சு.”

அவ்வளவுதான். மாமா குடையை எடுத்துக்கொண்டு படகேறிவிட்டார்.

பின்கட்டில் கிடந்த எனக்கு வாசல் பேச்சு கேட்டது.

“ஆரு?” என்றாள் மாமியார்.

“மட்டாஞ்சேரிலேருந்து. பொண்ணைக் கூட்டிட்டுப் போக.”

“அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை, நல்லாத்தான் இருக்கா. நீங்க போகலாம்.”

“சரிம்மா. நான் இங்கேதான் இருக்கேன்.”

எதிர்ப் பக்கத்துப் பலா மரத்தடியில் குடையை விரித்து உட்கார்ந்தார். இரண்டு நாள் மழை. போகிற வருகிறவர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் பிரிங் என்றால் என்ன, பெச்சு என்றால் என்ன என்று முதலிலிருந்து விளக்கினார். விளக்கிவிட்டு, “உள்ளே காய்ச்சலோட ஒரு பொண்ணு கிடக்கு, அது பெச்சு” என்று முடிப்பார். மூன்றாம் நாள் காலையில் தெரு முழுக்க ஆங்கிலம் படித்திருந்தது.

“நாறடிச்சிட்டான். கூட்டிட்டுத் தொலையச் சொல்லு” என்றார் மாமனார்.

குடைக் காம்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை அவரும் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம். எறணாகுளத்தில் இறங்கிப் படகேறினோம். மட்டாஞ்சேரி படகுத்துறையில் அம்மா நின்றிருந்தாள். என்னை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, “முடிஞ்சுது” என்றார். நான் திரும்பிப் போகவில்லை. தங்கைகளுக்கும் எப்படியோ கல்யாணம் ஆயிற்று.

துரை ஊருக்குப் போனார், கம்பெனி கை மாறியது, மாமாவை நிறுத்திவிட்டார்கள். பிறகு நெஞ்சில் வலி. அவருக்கென்று யாரும் இல்லை. எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகில் ஏற்றினார்கள். துறை வரைக்கும் போனேன். எத்தனையோ சொல்ல இருந்தது. கடைசியில், “பிரிங்கா மாமா, பெச்சா?” என்றுதான் கேட்டேன்.

சிரித்தார். “பெச்சு, மோளே. நீ வந்து கூட்டிட்டுப் போகணும்.”

நாலாம் நாள் போனேன். அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார். கேட்க ஆளில்லை என்று முந்தின நாளே அடக்கம் செய்துவிட்டார்களாம். நர்ஸ் உள்ளே போய் ஒரு குடையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தக் குடையில் இப்போது துணி கிடையாது, கம்பிதான். ஆனாலும் படகுத்துறைப் பக்கம் போகும்போதெல்லாம் கையில் எடுத்துக்கொள்கிறேன். அவர் கணக்கில் நான் இன்னும் திரும்பி வரவில்லை.