உதைக்கிற மாட்டுக்கு மாப்பிள்ளை எழுதிய விளம்பரம்

மேலூருக்குத் தெற்கே,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் படிப்பும் அளவுக்கு மேல் நிறைந்த மாப்பிள்ளை பாண்டிராஜ் அவர்களுக்கு மாமனார் கண்ணுச்சாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை ராக்கம்மாளும் ஓரளவு சுகம். செவலைப் பசு பூரண சுகம். அங்கு மகள் தாமரைச்செல்வியும், ஆனையூரில் நீங்கள் நடத்தும் 'பிறர் மனதை மாற்றும் எழுத்துப் பயிற்சி மைய'மும், அதில் வந்து மாட்டிக்கொண்ட பிள்ளைகளும் சுகந்தானே.

நிற்க. நிற்பதுதான் இப்போது எனக்குச் சிரமமாக உள்ளது. செவலை என் தொடையில் உதைத்து இன்றோடு மூன்று வாரம். "இனிமே மாட்டுப் பக்கமே போகாதீங்க பெரியவரே" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த உதை ராக்கம்மாளுக்குத்தான் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அதனால் மாட்டை விற்றுவிடுவது என்று நானும் அவளும் ஒருமனதாக முடிவெடுத்தோம். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்க ரெண்டு பேரும் ஒருமனசா எடுத்த முடிவு அது ஒன்னுதான் மாப்ள. அதையும் உங்க எழுத்து கெடுத்துருச்சு.

நாப்பது வருசம் மாட்டுத் தரகு பாத்தவன் நான். படிப்பு அஞ்சாப்பு. சந்தையில துண்டைப் போட்டு மூடி, அதுக்குள்ள விரலைப் பிடிச்சு வெலை பேசுவோம். வாயே தெறக்க மாட்டோம். அந்தப் பழக்கத்துல உங்களுக்கும் போன்ல சுருக்கமாத்தான் சொன்னேன்: "செவலப் பசு, மூணாம் ஈத்து, நல்ல கறவை, உதைக்கும்." இதை அப்படியே நெட்டுல போடுங்கன்னா, நீங்க அதை போர்டுல எழுதிப்போட்டு வகுப்புக்கு வீட்டுப்பாடமாக் குடுத்துட்டீங்களாம். முப்பது பிள்ளைக, ஆளுக்கு ஒரு அணியைக் கொண்டாந்து என் மாட்டு மேல மாட்டிவிட்டுருக்குக. வந்த விளம்பரத்தை நான் எழுத்துக்கூட்டி வாசிச்சேன்.

'இவள் பசுவல்ல, நாலு காலில் நடந்து வரும் அந்திச் செவ்வானம். மடியோ மேகம், மனமோ மலர். சில வேளை காலை உயர்த்துவாள். அது உதையல்ல, என்னைத் தொடும் தகுதி உனக்கு உண்டா என்று அவள் கேட்கும் கேள்வி. இப்படி ஒருத்தியை விற்க யாருக்குத்தான் மனம் வரும்?'

அந்தக் கால் சமாச்சாரத்துக்குப் பேரு தற்குறிப்பேற்றமாம்ல. தானா நடக்குற காரியத்து மேல நாமளா ஒரு காரணத்தை ஏத்திச் சொல்றதுன்னு தாமரை விளக்கிச் சொன்னா. நல்லது. என் தொடையில ஏறுனது காரணம் இல்ல மாப்ள, குளம்பு.

சரி, போன புதன்கெழமை வில்லாபுரத்துலருந்து வெள்ளைத்துரைன்னு ஒருத்தர் மாடு வாங்க வந்தாரு. இரும்புக்கடை வச்சிருக்கவரு. பல்லைப் பாக்கல, சுழி பாக்கல. போனை மாட்டு மூஞ்சிக்கு நேரா பிடிச்சு, விளம்பரத்தையும் மாட்டையும் மாத்தி மாத்திப் பாக்குறாரு. பக்கத்துல போனாரா, முழங்காலுக்குக் கீழ செவலை வச்சா பாருங்க ஒன்னு. போச்சுடா யாவாரம்னு நான் நெனைக்கேன். மனுசன் ஒத்தக் கால்ல நின்டுக்கிட்டே, "அண்ணே, என்னையக் கேள்வி கேக்குதுண்ணே"ன்னு பூரிச்சுப் போறாரு. இம்புட்டு நல்லவரு எங்க கெடைப்பாரு. வித்ததுக்கு அடையாளமா கயித்தை மாத்திக் குடுக்க ராக்கம்மாளைக் கூப்பிட்டேன். அவளுக்குக் கேக்கட்டும்னு அவரு விளம்பரத்தைச் சத்தமா வாசிச்சுக்கிட்டே வந்து, 'யாருக்குத்தான் மனம் வரும்'னு முடிச்சு மூச்சு விட்டாரு.

"எனக்கு வரலையே"ன்னுட்டா உங்க அத்தை.

பதிலே வேண்டாத கேள்வியா கேட்டா எதிராளி வாயடைச்சுப் போவான்னு பாடம் நடத்துறீங்களாம்ல. அத்தையை வச்சுக்கிட்டு அந்தப் பாடத்தை நடத்தாதீங்க. "நான் என்ன கிறுக்கனா?"ன்னு அவகிட்ட ஒருதடவை காலையில கேட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்து பதில் கேட்டவன் நான்.

"அக்கா, அது சும்மா விளம்பரத்துக்கு எழுதுறதுக்கா"ன்னாரு வெள்ளைத்துரை.

"அப்ப எங்க மாப்ள பொய்யி எழுதியிருக்காருங்கிறீகளா?"

"அய்யோ, பொய்யின்னு சொல்லலக்கா."

"மெய்யின்னா நான் ஏன் விக்கணும்? கயித்த விடுங்க தம்பி."

அவரு கயித்தை விட்டுட்டாரு. இதுக்குப் பதில் உங்க பொஸ்தகத்துல இருந்தா பக்கத்து நம்பரைப் போட்டு எழுதுங்க. அவரு போறப்ப என் காதுகிட்ட வந்து, "விளம்பரம் எழுதுனவர் நம்பர் குடுங்கண்ணே, எங்க பையனுக்குப் பொண்ணு தேடணும்"ன்னாரு. பையனும் உதைப்பான் போலருக்கு.

அன்னையிலருந்து வீட்டுல பெரிய ஆளு நான் இல்ல, செவலைதான். மேலூர் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில உங்க அத்தை விளம்பரத்தை லேமினேசன் போட்டு வாங்கி, தொழுவத்துல ஆணியடிச்சு மாட்டிட்டா. செவலை பால் வாளியை உதைச்சுத் தள்ளுனா, "கேள்வி கேக்குறா"ன்னுட்டு அடுத்த வாளி எடுக்கப் போறா. நான் வாயத் தெறந்தா, "பாத்தே இராத மாட்டுக்கு மாப்ள இத்தனை வரி எழுதியிருக்காரு. எனக்கு நீங்க இத்தனை வருசத்துல ஒரு வரி சொன்னதுண்டா?"ன்னு கேக்குறா. நான் துண்டுக்குள்ளயே பேசிப் பழகுனவன், என்னத்தச் சொல்ல.

ஆகையால் மாப்பிள்ளை அவர்கள் தயவுசெய்து அந்த முப்பது பிள்ளைகளையும் மறுபடி உட்கார வைத்து, போட்ட நகையெல்லாம் கழற்றி, செவலையைப் பார்த்தாலே உங்கள் அத்தைக்கு ஆகாமல் போகும்படி புதிதாக ஒன்று எழுதி அனுப்பவும். முடியாவிட்டால் நீங்களே புறப்பட்டு வந்து ஒருவேளை பால் கறக்கவும். தகுதி உண்டா என்று செவலையே சொல்லிவிடும்.

தாமரைக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசிகள் எப்போதும் உண்டு. பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு விடவும். நாட்டுக்கு நல்லது.

இப்படிக்கு,
இரண்டு பக்கமும் உதை வாங்கும் மாமனார்,
கண்ணுச்சாமி.

பின்குறிப்பு: மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். எழுதுறதை நான் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுவனா, அடுத்த உதை அவளுக்குன்னு நான் பயந்ததை ராக்கம்மா கேட்டுட்டா. நேரா தொழுவத்துக்குப் போனா. லேமினேசனைக் கழட்டிட்டு, "அந்த இரும்புக்கடைக்காரரையே வரச் சொல்லுங்க, வித்துருவோம்"ன்னு கயித்தை என் கையில குடுத்துட்டு, மூஞ்சியை அங்கிட்டுத் திருப்பிக்கிட்டா. நான் வெளிய போயி, பால் கறக்கத் தெனமும் நம்மூர் கறவைக்காரன் சோலையை வரச் சொல்லிட்டு, வெள்ளைத்துரைக்குப் போன் போட்டு மாடு விக்கிறதுக்கு இல்லன்னுட்டேன். வீட்டுக்கு வந்து அவகிட்ட, "அவரு வேற மாடு வாங்கிட்டாராம் ராக்கு"ன்னேன். உவமை இல்ல, உருவகம் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒடனே நம்பிட்டா மாப்ள.