வராத மோட்டார் பாஸான கதை

உழைத்து மேலே வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. 'தெரியாது' என்று சொல்ல வாய் வராது. எனக்கு அது முற்றிப்போன நிலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு இன்று தலவாக்கலையில் சொந்தப் பட்டறை. சுற்றுவட்டாரத் தேயிலை ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், எந்த மெசினும் என் இருமல் சத்தம் கேட்டாலே ஒழுங்காக ஓடும் என்பார்கள். (யார் சொன்னது என்று கேட்காதீர்கள். நான்தான்.)

சில வருடங்களுக்கு முன் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு ஸ்டோரில், கொழுந்து வாட வைக்கும் தொட்டிக்குப் புதுக் காற்றாடி பூட்டும் வேலை கிடைத்தது. சரியாக முடித்தால் அந்தக் கம்பெனியின் மற்ற ஸ்டோர்களும் எனக்கே என்று பேச்சு. ஒரே நிபந்தனை, காகிதம் கிடையாது. காற்றாடி எப்படி இருக்க வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும், சோதித்ததில் என்ன வந்தது, எல்லாம் ஒரே டேட்டாபேஸில் ஏற வேண்டும். நான் போனில் தட்டினால் ஸ்டோரிலும் கொழும்பு ஆபீசிலும் அதே நிமிடம் தெரியும்.

சொல்லித்தர யாழ்ப்பாணத்து இன்ஜினியர் மிஸ் ஒருவர் வந்தார்.

"ஐயா, ஒவ்வொரு தேவைக்குக் கீழயும் அதுக்குரிய சோதனை கிடக்கு. செய்து பாத்த பிறகுதான் போனில பச்சை அடையாளம் போடவேணும். எல்லாம் பச்சையானா, தொட்டி ரெடி எண்டு எல்லாருக்கும் தானா மெசேஜ் போகும். விளங்கிச்சோ?"

"நீங்க பொறக்க முன்னமே நான் ரோலர் கழட்டி மாட்டுனவன், மிஸ்."

விளங்கியதா என்ற கேள்விக்கு இது பதில் இல்லை. அவர் பெருமூச்சு விட்டார்.

சோதனைக்குப் பூசாரியிடம் நாள் குறித்தேன். எலுமிச்சம்பழம், தேங்காய், கற்பூரம் எல்லாம் ஸ்டோருக்கு வந்துவிட்டன. காற்றாடியைச் சுற்றவைக்கும் மோட்டார் மட்டும் வரவில்லை. கொழும்பிலிருந்து ஏறிவந்த லாரி வழியில் படுத்துவிட்டது.

"நாளைக்குச் செஞ்சிக்கலாம்ங்க" என்றாள் பொங்கலோடு வந்திருந்த என் மனைவி பாக்கியம்.

"நல்ல நேரம் நாளைக்கு வருமா?"

நல்ல நேரத்தில் தொடங்காத வேலையை என் பட்டறை கண்டதில்லை. ராகுகாலத்துக்கு முன் கற்பூரம் கொளுத்தி, சாஸ்திரத்துக்கு என் போனில் ஒரு பச்சையைத் தட்டினேன். ஒற்றையாக நின்றது, பார்க்க அபசகுனமாகப் பட்டது. எல்லாவற்றையும் தட்டிவிட்டேன். அதிர்வு? இல்லை. சூடு? இல்லை. சத்தம்? சுத்தமாக இல்லை. இல்லாத மோட்டார் அவ்வளவு ஒழுக்கமாக இருந்தது. நிஜச் சோதனையை நாளைக்குச் செய்தால் போச்சு. மிஸ் சொன்ன மெசேஜ் விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் காலை, ஸ்டோர் வேலைகளுக்குப் பொறுப்பான டீமேக்கர் போன் அடித்தார்.

"முதலாளி, ரெடின்னு மெசேஜ் வந்துச்சேன்னு புதுத் தொட்டி நிறையக் கொழுந்த கொட்டிட்டோம். சுவிச்சப் போட்டா காத்து வரல. பின்னாடி போய்ப் பாத்தா மோட்டாரே இல்லையே!"

மழையில் நனைந்த கொழுந்து. குவிந்து கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், குப்பைக்குத்தான் போகும். பட்டறையைப் பூட்டிக்கொண்டு ஆட்களோடு ஓடினேன். சாக்கில் அள்ளி, முன்பு கொழுந்து வாட்டிய பழைய மாடிக்குச் சுமந்து, கையால் பரப்பி, மறுபடி அள்ளி... இடுப்பு என்று ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. நடுவில் ஒரு சாக்கை எடுத்துக் கொழுந்துக்கு விசிறினேன். பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுவந்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னா முதலாளி, புதுக் காத்தாடி நீங்கதானா? கரண்டு செலவு இல்லையே!"

பெரும்பகுதி பிழைத்தது. என் மானம் அடியில் கிடந்த கொழுந்தோடு சிவந்து போனது. சாயங்காலம் வந்த மிஸ்ஸிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அந்தப் பச்சைகள அழிச்சிரலாமா?"

"அழிக்கேலாது ஐயா. ஆர் போட்டது, எப்ப போட்டது எண்டு அதிலயே நிக்கும்."

"நல்ல நேரத்துல போட்டதுன்னு நிக்குமா?"

"அதுக்கு இடமில்லை, ஐயா."

மோட்டார் வந்தது, பூட்டினேன், இன்றும் ஓடுகிறது. (அதை எவனும் சொல்ல மாட்டான்.) மற்ற ஸ்டோர்கள் ஹட்டன்காரர் ஒருவருக்குப் போயின. வேலை தொடங்கிய அன்று அவர் போன் செய்தார்.

"அண்ணே, மொத தேவையே 'மோட்டார் இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கவும்'னு போட்டுருக்கு. காரணம்னு ஒரு கட்டம், அதுல ஒங்க பேரு."

எல்லா ஸ்டோருக்கும் போக ஆசைப்பட்டேன். பெயர் மட்டும் போய்ச் சேர்ந்தது.

இப்போதெல்லாம் பிரஷர் மாத்திரை போட்டாயிற்றா என்று பாக்கியம் கேட்பாள். பேப்பரிலிருந்து தலை நிமிராமல் "ஆச்சு" என்பேன். அவள் மாத்திரை அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள்.

"மோட்டார் வந்துருச்சாங்க?"

எழுந்து போய்த் தண்ணீர் எடுப்பேன்.