காலுறை போட்ட தொலைபேசி

“போன் குழலைக் கொக்கியிலேர்ந்து எடுத்து வெச்சுட்டா மணி அடிக்காதுல்ல, மிஸ் ஓபல்?”

“அடிக்காது. ஆனா கம்பெனிக்காரங்களுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்க, வெர்னன்.”

“நாள் பூரா இல்லைங்க. சாயங்காலம் ஏழுலேர்ந்து எட்டு வரைக்கும். அந்த ஒரு மணி நேரம் என்னை யாரும் கூப்பிடக் கூடாது.”

“அப்படி என்ன வேலை உங்களுக்கு?”

“வேலை ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்திருப்பேன்.”

மூன்று வருடங்களுக்கு முன்னால் நடந்த பேச்சு இது. ஹிக்கரி பெண்ட் ஊரில் யார் யாரைத் தொலைபேசியில் கூப்பிட்டாலும், தொலைபேசி நிலையத்தில் இருக்கும் ஓபல்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். அவள் சிரித்துவிட்டு, “சரி, நான் கண்டுக்கலை” என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து இரும்புச் சாமான் கடைக்கார வெர்னன் ஹக்கபிக்கு ஏழு மணி சொர்க்கமாயிற்று. சமையலறைச் சுவரில் பழைய மரப்பெட்டித் தொலைபேசி. பேசுகிற வாய், பெட்டியின் நடுவில் கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். கேட்கிற குழல் மட்டும் பக்கவாட்டுக் கொக்கியில் தொங்கும். வெர்னன் குழலை எடுத்து ஒரு கம்பளிக் காலுறைக்குள் திணித்துத் தொங்கவிடுவார். அந்த வரிசையில் எட்டு வீடுகளுக்கு ஒரே கம்பி; ஒரு வீட்டில் பேசுவது மற்ற ஏழு வீட்டிலும் கேட்கும். யாருடைய ஊர்வம்பும் காதில் விழக் கூடாதல்லவா? பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து அப்பாவின் பிடிலை எடுப்பார்.

பத்தொன்பது வயதில் நீதிமன்றத் திடலில் ஒரு நடன விழா. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வால்ட்ஸ் என்ற நடன மெட்டை வாசிக்கும்போது நடுவில் அவர் கை உறைந்துபோனது. மேடையை விட்டு இறங்கியவர் நேராக வீட்டுக்கு நடந்தார். அதன்பின் இருபத்திரண்டு வருடங்களாக எந்த மனிதர் முன்னாலும் வாசித்ததில்லை. தனியாக வாசிக்கும்போதும் அந்த வால்ட்ஸை அதே இடத்தில் நிறுத்திவிடுவார். மற்றபடி அவர் சந்தோஷமான மனிதர்.

கடையில் ஒரே ஒரு குறை. கண்ணாடிக்குப் பின்னால் புத்தம்புதிய தொலைக்காட்சிப் பெட்டிகள் மூன்று, ஒரு வருடமாகத் தூசி வாங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து ஊரில் அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள். இங்கே கேட்டால், “சாயங்காலத்துல எங்களுக்கு ஏது நேரம், வெர்னன்?” என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை மேயர் பிராக்டர் கடைக்குள் நுழைந்தார்.

“சனிக்கிழமை ஊருக்கு நூறு வயசு. நடனத்துக்கு வர்றேன்னு சொன்ன குழு கழுத்தறுத்துட்டாங்க. நீதான் வாசிக்கணும்.”

வெர்னன் கையிலிருந்த ஆணி டப்பா கவிழ்ந்தது. “நான் வாசிப்பேன்னு யார் சொன்னது?”

மேயர் கூரையைப் பார்த்தார். “ஊர்ல பேசிக்கிறாங்க.”

“கை சுளுக்கிக்கிச்சு, மேயர் சார். இதோ, இந்த இடது கை. அசைக்கவே முடியல.”

“ஆணி பொறுக்கிட்டிருக்கியே?”

“அது வலது கை!”

அன்று மதியமே இடது மணிக்கட்டில் கட்டு ஏறியது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார். மாலையில் பக்கத்து வீட்டு மிஸ் லூலா கோழிக் குழம்பும் சோள ரொட்டியுமாக வந்து நின்றாள்.

“ஐயோ கண்ணு, ரொம்ப வலிக்குதா?”

“உயிர் போகுதுங்க, மிஸ் லூலா.”

“பாவம். சரி, ஏழாகப் போகுது, நான் வீட்டுக்கு ஓடணும்.”

ஏழு மணிக்குக் கட்டை அவிழ்த்தார், வாசித்தார், எட்டு மணிக்குத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் மேயர் கவுண்டரில் சாய்ந்தபடி கட்டையே பார்த்தார். “நேத்து சுளுக்கு இடது கைலதானே இருந்துச்சு?”

வெர்னன் குனிந்து பார்த்தார். கட்டு வலது கையில் இருந்தது.

“பரவிடுச்சு” என்றார்.

“சுளுக்கு பரவுமா?”

“எங்க குடும்பத்துல பரவும்.”

பொய்யைக் காப்பாற்ற வியாழக்கிழமை இரண்டு கையிலும் கட்டுப் போட வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஊர்ப் பெண்கள் அவரை விடவில்லை. ஒருத்தி பீன்ஸ் ஊட்டினாள். ஒருத்தி பீச் பழக் கேக் ஊட்டினாள். மூக்கு அரித்தபோது மிஸ் லூலா சொறிந்துவிட்டு, “இங்கேயா? இன்னும் கொஞ்சம் மேலயா?” என்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது.

“இது மனுஷன் கையில இல்ல” என்றார் மேயர். “வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு உன் கைக்காகத் தேவாலயத்துல ஜெபக் கூட்டம். ஏழுக்குள்ள முடிச்சிடலாம்.”

“கடவுளை எதுக்கு சார் இதுல இழுக்கறீங்க?”

“வேற யாரால முடியும்?”

வெள்ளிக்கிழமை முன்வரிசையில், இரண்டு கையும் பஞ்சுப் பொதியாக, வெர்னன் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வரிசை தள்ளி ஓபல் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

“ஆண்டவரே” என்று போதகர் தொடங்கினார், “இந்த மனுஷனோட கைக்கு என்ன வந்துதுன்னு உமக்கு மட்டும் நல்லாத் தெரியும்...”

சபை முழுவதும் இருமியது.

அந்த நேரம் பார்த்து ஒரு குளவி ஜன்னல் வழியாக வந்து வெர்னன் மூக்குக்கு நேரே ரீங்காரம் போட்டது. தலையை ஆட்டினார். ஊதினார். அது இமை மேல் உட்காரப் போனதும் இரண்டு கைகளையும் தூக்கி, தேவாலயமே அதிரும்படி பட்டென்று அடித்தார். குளவி செத்தது.

சபை முழுவதும் அவர் கைகளையே பார்த்தது.

“அல்லேலூயா!” என்றார் மேயர்.

கட்டுகளை அவிழ்க்க ஆறு பேர் ஓடி வந்தார்கள். பத்து விரல்களையும் மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு சாக்குக்கும் இடமில்லாமல் வெர்னன் குணமாகியிருந்தார்.

“நாளைக்கு எட்டு மணிக்குத் திடல்ல ஆட்டம்” என்று மேயர் அவர் முதுகில் தட்டினார்.

“எப்பவும் ஏழுக்குத்தானே வைப்பாங்க?”

“ஏழுக்கு வெச்சா ஒருத்தரும் வர மாட்டாங்க.”

சனிக்கிழமை மாலை வெர்னன் பெட்டி கட்டினார். ஏழே முக்கால் பேருந்தைப் பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு. ஆனால் கடிகாரம் ஏழு காட்டியதும் கால் தானாக நின்றது. இத்தனை வருடப் பழக்கம். குழலைக் காலுறைக்குள் போட்டார். பிடிலை எடுத்தார்.

அன்று வாசிப்பு அவருக்கே இனித்தது. எங்கும் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கடைசியாக வால்ட்ஸ். அந்தப் பழைய இடம் வந்ததும் வில் நின்றது. எப்போதும் போல.

பிடிலைக் கீழே வைத்தார். தூரத்தில் திடலில் காகிதத் தோரணங்கள் ஆடுவது ஜன்னலில் தெரிந்தது. இந்த ஒரு வாரம் அவருக்கு ஊட்டிவிட்ட கைகளெல்லாம் அங்கேதான் ஆடக் காத்திருக்கும். சொல்லாமல் ஓடுவது அசிங்கமாகப் பட்டது. காலுறையிலிருந்து குழலை உருவிக் காதில் வைத்தார்.

“மிஸ் ஓபல்?”

“இருக்கேன், வெர்னன்.” கூப்பிடுவதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது அவள் குரல்.

“மேயருக்குக் கொடுங்க. உண்மையைச் சொல்லிடறேன். என் கைக்கு ஒண்ணுமே இல்ல. பயம். ஒரே ஒரு உயிர் கேக்குதுன்னு தெரிஞ்சாலும் என் விரல் உறைஞ்சு போயிடும்.”

கம்பியில் யாரோ இருமினார்கள். மேயரின் இருமல். எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மிஸ் லூலாவின் நாய் கொட்டாவி விட்டது.

“மிஸ் ஓபல்... கம்பியில யாரோ இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“எத்தனை பேர்?”

“உங்க வரிசையில எட்டு வீடுதான். மத்தவங்களுக்கு நான் இணைப்புக் கொடுத்தேன்.”

வெர்னன் மெல்லத் திரும்பி மரப்பெட்டியைப் பார்த்தார். காதுக்குத்தான் காலுறை போட்டிருந்தார். கறுப்பு வாய், தினமும் ஏழிலிருந்து எட்டு வரை, அவரைப் பார்த்துத் திறந்தே இருந்திருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தார். தன் விரல்களைப் பார்த்தார். அவை உறைந்திருக்கவில்லை.

“இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது, நான் கேட்டுடறேன்” என்று மிஸ் லூலாவின் குரல் குறுக்கிட்டது. “கண்ணு, மூணு வருஷமா உன்கிட்ட கேக்கணும்னு இருக்கோம், இன்னைக்கு ஒரு நாளாவது அந்த வால்ட்ஸைக் கடைசி வரைக்கும் வாசியேன்... தினமும் நீ பாதியில விட்டுடற, ஊரே சமையல்கட்டுல ஆட்டத்துக்கு நடுவுல ஒத்தக் கால்ல நிக்கிறோம்!”